தேனீக்கு வழி பார்த்த அக்கா

ஒரு பிறந்தநாள் விருந்தில்தான் அந்த அக்காவை முதன்முதலில் சரியாகக் கவனித்தேன். சான் ஹோசேயில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் விருந்து. சமையலறையில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. பெருக்கி எடுத்தாயிற்று என்று எல்லோரும் அதை மறந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வெள்ளைக் கார்ப்பெட்டில் சிவப்புப் புள்ளிகள் ஒரு வரிசையாகப் போகின்றன. மேஜையிலிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்து மறுபடி மேஜைக்கு. வரிசையின் கடைசியில் அக்கா. கையில் தயிர்சாதப் பாத்திரம். வெறுங்காலோடு நின்று எல்லோருக்கும் சிரித்தபடி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அக்கா! உங்க கால்ல ரத்தம்!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி. மருதாணி."

மருதாணியாம்! சொட்டுகிற மருதாணியை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் பார்த்தால் குதிகாலில் நகத்தளவு சில்லு ஏறியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டினேன். அவர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "பரிமாறி முடிச்சுட்டு எடுத்துக்கலாம்னு இருந்தேன். எதுக்கு எல்லார்த்தையும் பயமுறுத்தோணும்?"

இதுதான் அவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு மரவேலி. நான் சென்னைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். தலைவலி வந்தால்கூடத் தெருவுக்கே தெரிந்துவிடும். அவருக்கு எது வந்தாலும் வேலியைத் தாண்டி ஒரு சத்தம் வராது. ஒருநாள் என்னிடம் வாங்கிப் போன இட்லித்தட்டைத் தேய்த்துத் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். நின்று ஐந்து நிமிஷம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அன்று காலையில்தான் ஊரில் அவருடைய அப்பா இறந்த செய்தி வந்திருக்கிறது. எனக்கு அது ஒரு மாசம் கழித்து, பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது. "அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டால், "சொல்லி?" என்றார். 

அவர் வீட்டுக்காரர் நேர் எதிர். வேலிக்கு மேல் தலையை நீட்டினால் போதும், பேச்சு நிற்காது. வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு முழுக்கப் பின்பக்கத் தோட்டம். லுங்கியும் பழைய டீ-ஷர்ட்டுமாக மண்ணோடு மண்ணாகக் கிடப்பார். நாங்கள் பரங்கிக்காய் என்பதை அவர்கள் ஊரில் அரசாணிக்காய் என்கிறார்கள். அந்தக் கொடியை அவர் வளர்த்ததைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை வளர்க்கிற மாதிரிதான். வேலியோரம் மண்ணுக்குள் புதைத்த ஒரு பச்சை மூடிப் பெட்டி உண்டு. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களின் திருகுகள் அதற்குள் இருக்கும். ஒரு வசந்தத்தில் தேனீக்கள் வந்து அந்தப் பெட்டிக்குள் குடியேறிவிட்டன. வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். இவர் காப்பியோடு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா, காலைல ஃப்ரீவேல நாம போற மாதிரியே போறாங்க. ஆனா இவங்கள்ல ஒருத்தரும் ஹாரன் அடிக்கிறதில்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுப்பார். "பூச்சிகளோடயே குடும்பம் நடத்துங்க. எனக்கென்ன!"

இனி சொல்வதில் பாதியை நான் அப்போது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மீதியைப் பல வருஷம் கழித்து, ஒரு கல்யாண ரிசப்ஷனில், கையில் ஐஸ்கிரீம் உருகுவதுகூடத் தெரியாமல் அக்காவே சொன்னார்.

அவர்களுடைய பெண் அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பெட்டி மூடிமேல் ஏறிக் குதித்து விளையாடியிருக்கிறாள். தேனீ கண் இமையில் கொட்டிவிட்டது. முகம் வீங்கி ஒரு கண் இருக்கும் இடமே தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டை, அதிசயமாக, வேலி தாண்டிக் கேட்டது. தேனீ வளர்க்கிற ஆளைக் கூப்பிட்டு அப்படியே உயிரோடு எடுத்துப் போகச் சொல்கிறேன் என்றார் வீட்டுக்காரர். சொன்னாரே தவிர, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப் போனது. அவர் ஆபீஸில் அப்போது நேரம் சரியில்லை. யாருடைய தலை எப்போது உருளும் என்று எல்லோரும் பயந்து கிடந்த வருஷம் அது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பூச்சி மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு காலையில் ஆட்கள் வந்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானமே அக்காவின் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு. ஆபீஸ் மேஜையில் வைத்திருந்த காப்பிக் கோப்பை, பெண்ணின் போட்டோ, சின்னப் பிள்ளையார், எல்லாம் அதற்குள். ரிசப்ஷனில் அக்கா சொன்னது இது:

"தேனீ அத்தனையும் மூடியச் சுத்திக் கருப்பா, ஈரமாக் குமிஞ்சு கெடந்துது அம்மணி. சிலது இன்னும் கால ஆட்டிட்டு இருந்துது. அவரு பெட்டியக் கீழ வெச்சாரு. என்னையப் பாத்தாரு. பொறவு போயி வெளக்குமாத்த எடுத்துட்டு வந்து கூட்டினாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னையத் திட்டியிருந்தாருன்னா நான் பொழைச்சிருப்பேன்."

கூட்டி அள்ளி அரசாணிக் கொடிக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் சாப்பிடுவார், திரும்பப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அத்தனை பேச்சுப் பேசிய மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் தெருவில் வேலை போகாத வீடு குறைச்சல். போனதை ஒத்துக்கொண்ட வீடு அதைவிடக் குறைச்சல். "ஒரு சின்ன பிரேக்" என்பார் ஒருவர். கேட்டால் கன்சல்டிங் என்பார் இன்னொருவர். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு காரை எடுத்துக்கொண்டு போய் லைப்ரரியில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பியவர்களை எனக்கே தெரியும். அக்கா சொன்னது, "அவருக்கு இப்ப வீட்டுல இருந்தே வேலை அம்மணி. விடிய விடிய போன் கால். அதான் பகல்ல தூங்கறாரு." சொல்லும்போது கண்ணிமை கொட்டவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கம்பெனியில் சிநேகிதர்கள் உண்டு. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், "ஓ, அப்படியா" என்றேன். அந்த வருஷத்து மரியாதை அது.

எங்களிடம்கூட அக்காவுக்குப் பயமில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி என்றால்தான் நடுக்கம். மகனோடு இருந்த அந்த ஆன்ட்டி, புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு காலையும் மாலையும் தெருவை அளப்பார். கண்ணில் பட்டவரை நிறுத்தி விசாரிப்பார். அவர் காதில் விழுந்த செய்தி பக்கத்து ஊர் சன்னிவேல் வரைக்கும் போய்ச் சேர நேரம் ஆகாது. அவர் வருவது தெரிந்தாலே அக்கா ஜன்னல் திரையை இழுத்து விடுவார்.

ஜூன் மாதம் அரசாணிக் கொடி பின்பக்கம் முழுக்கப் படர்ந்து, கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. பெண்பூவுக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ வந்து ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் அது பருக்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகி, அழுகி, விழுந்துவிடும். காலையில் அக்கா டேகேர் வேலைக்குக் கிளம்புமுன் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து அந்த வெம்பிய பிஞ்சுகளைப் பொறுக்குவார். பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வார். எதற்கு மடியில் போடுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"ஒரு தேனீ இல்ல அம்மணி. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல."

"மார்க்கெட்ல வாங்கிக்கலாம்க்கா. பரங்கிக்காய்க்கா பஞ்சம்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். 

பிறகு ஆரம்பித்தது கூத்து. தேனீக்கு இனிப்பு பிடிக்கும்தானே என்று வெல்லத்தைக் காய்ச்சிப் பாகாக்கி, எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றித் தோட்டம் முழுக்க வைத்தார். முதலில் எறும்பு வந்தது. எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டினார். அப்புறம் மஞ்சளும் கருப்புமாக, ஒல்லி இடுப்போடு, ரீங்காரமிட்டுக்கொண்டு வந்தன. அக்கா என்னை வேலிக்கு அழைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வந்துருச்சு அம்மணி! வந்துருச்சு!"

பெண் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். "மாம், தே ஆர் நாட் பீஸ். தே ஆர் வாஸ்ப்ஸ்."

குளவிகள். வெல்லப்பாகைக் குடித்துவிட்டு, பூ இருக்கும் திசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின. போகிற போக்கில் அக்காவின் புறங்கையில் ஒன்று கொட்டிவிட்டுப் போனது. கை பன் மாதிரி உப்பியது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டுகளைக் கழுவினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

சரி, இந்த அம்மாவுக்கு வேண்டியது ஒரு பரங்கிக்காய், அதை நாமே வரவழைத்துக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். லைப்ரரிப் புத்தகத்தில் படித்தேன்: ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தடவினால் போதும். தேனீ செய்கிற வேலையை மனுஷக் கையே செய்யலாம். ஒரு காலையில் அக்கா வேலைக்குப் போனபின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய் இரண்டு மூன்று பூக்களுக்குச் செய்துவிட்டு வந்தேன். மந்திரம் மாதிரி வேலை செய்தது. ஒரு வாரத்தில் ஒரு பிஞ்சு எலுமிச்சையளவு, அப்புறம் கைப்பிடியளவு ஆனது. அக்கா அதைத் தடவித் தடவிப் பார்ப்பதை ஜன்னலிலிருந்து பார்த்து எனக்கு ஒரே பெருமை. பெருமை வாயில் நிற்குமா? உளறிவிட்டேன்.

"நானேதான்க்கா பண்ணேன். புக்ல இருந்துது."

அக்கா உள்ளே போனார். கத்தியோடு வந்தார். அந்தக் காயைக் காம்போடு அறுத்து வேலி மூலையில் எறிந்தார்.  "என்னக்கா, பைத்தியமா உங்களுக்கு? நல்ல காயை..."

"நீ பண்ணினது எனக்கெதுக்கு?" என்றார்.  "அது வந்து பண்ணோணும். நான் கொன்னது திரும்பி வரோணும். அதுக வந்துட்டா அவரும் எந்திரிச்சு வந்துருவாரு. உனக்குப் புரியாது, போ."

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இவருக்குக் கம்பெனி மூடியது கணக்கிலேயே இல்லை. மத்தியானம் அந்த மனுஷன் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை மறந்துவிட்டு, காலையில் தான் கூப்பிட்ட மருந்துக்காரனை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தேனீயைக் கொன்ற பாவம் கட்டிய புருஷனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது என்று நம்புகிறார். வெம்பின பிஞ்சுகளையும் தான் கொன்றதாக நினைத்துத்தான் மடியில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மெதுவாகச் சொன்னேன். "அக்கா, அவரை ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே. இந்த மாதிரி நிறைய பேருக்கு வருதாம். மருந்து இருக்கு."

"என்ற புருஷன் பைத்தியம்னு சொல்றியா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலக்கா..."

"அவருக்கு ஒண்ணுமில்ல. அசதி. நீ எதிர்வீட்டம்மாகிட்டப் போயி எதையாவது சொல்லி வெச்சே, அப்பறம் இந்த ஜென்மத்துக்கு உன்ற மூஞ்சீல முழிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் என் கோபத்தைவிட என் பயம் பெரிதாக இருந்தது. சாயங்காலத்தில் அவர்கள் வீட்டு ஜன்னலைப் பார்ப்பேன். திரை விலகியிருந்தால் கட்டிலில் ஒரு முதுகு தெரியும். காலையில் பார்த்த அதே முதுகு, அதே இடத்தில்.

மறுபடி பேச வைத்தது மருந்துக்காரன். ஒருநாள் எனக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா போடும் சத்தம் கேட்டு ஓடினேன். முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிய ஓர் ஆள் சுவரோரமும் வேலியோரமும் புகைபோலத் தெளித்துக்கொண்டு வருகிறான். அக்கா அவன் கையிலிருந்த குழாயைப் பிடித்து இழுக்கிறார். விஷயம் என்னவென்றால், தேனீயைக் கொல்லக் கூப்பிட்ட அன்றைக்கே, எறும்பு, சிலந்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து மாசா மாசம் வந்து அடிப்பதாக ஒரு வருஷத்துக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் மாசா மாசம் வந்திருக்கிறான். எறும்புக்குத்தானே என்று அக்காவே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்; அது தேனீக்கும் விஷம் என்பது இன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. ஒரு கையால் தேனீயைக் கும்பிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே மறு கையால் அதற்கு விஷம் வைத்திருக்கிறார்.

"வேண்டாம்! கோ! கெளம்பு! உனக்குப் புண்ணியமாப் போகும், போயிரு சாமி!" என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கத்தினார். அவன் பாவம், சின்ன வயசு, ஒன்றும் புரியாமல் "ஓகே மேம், ஓகே மேம்" என்று பின்வாங்கினான். நான் போய் எடுத்துச் சொல்லி, இனி வர வேண்டாம் என்று அனுப்பி வைத்தேன். அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நானேதான் கொன்னுட்டே இருந்திருக்கறேன் அம்மணி. மாசா மாசம் காசு குடுத்து."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் அக்காவை நானே செடி விற்கும் நர்சரிக்குக் கூட்டிப்போனேன். அக்கா ஏற்கெனவே செண்டுப்பூச் செடியாக வாங்கி நட்டிருந்தார். இதழ் மேல் இதழாக அடர்ந்த பூவுக்குள் தேனீ நுழைய வழியில்லை, அது வீண் என்று அங்கே இருந்த பெண்மணி சொன்னார். லாவெண்டர் வாங்கச் சொன்னார். பிறகு போகிற போக்கில், வீட்டில் துளசி ஜாதிச் செடி ஏதாவது இருந்தால் அதைப் பூக்க விடுங்கள், அதைவிடத் தேனீக்கு விருந்து வேறில்லை என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

துளசி இல்லாமலா? பின்வாசலில் பெரிய தொட்டியில் புதர் மாதிரி வளர்ந்து நிற்கிறது. தினமும் விளக்கேற்றுமுன் அதில் தலை நீட்டும் கதிர்களை ஒன்றுவிடாமல் கிள்ளிவிடுவார். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். கதிர் விட்டுப் பூத்து விதை கட்டினால் செடி காய்ந்துவிடும். மற்றவர்களுக்குச் செடி காய்ந்தால் இன்னொன்று வைத்தால் ஆயிற்று. இவருக்கு அவர் அம்மா சொல்லிவிட்ட கதை வேறு. சுமங்கலி வீட்டில் துளசி காயக் கூடாது. காய்ந்தால் தாலிக்கு ஆகாது.

காரில் வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டார். "கிள்ளாம விட்டா அவருக்கு ஏதாச்சும் ஆயிருமா அம்மணி? கிள்ளிட்டே இருந்தா தேனீ வராது. வரலீன்னா அவரு எந்திரிக்க மாட்டாரு. நான் என்னதான் பண்றது?"

நான் பெரிய பகுத்தறிவுக்காரி மாதிரி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  ஒரு செடியின் இரண்டு பக்கமும் புருஷனின் உயிரை வைத்துவிட்டு நிற்கிறவரிடம் என்ன சொல்வது?

அவர் கிள்ளாமல் விட்டார். தினமும் விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கோ தாயே, மன்னிச்சுக்கோ தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கதிர்கள் நீண்டு, ஊதாவாகப் பொடிப்பொடியாகப் பூத்தன. தொட்டியைத் தூக்கிக் கொடிக்குப் பக்கத்தில் வைத்தார். அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, தேனீ உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் வைத்தார். ஒரு நாளும் தவறாமல் விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அந்த நாட்களில் அவர் கன்னம் ஒட்டி, சுடிதார் தோளில் தொங்கியது. நான் தோசையைக் கொண்டுபோய் நீட்டினால் கண்ணைப் பூவிலிருந்து எடுக்காமலே தின்பார்.

ஆகஸ்டில் ஒரு காலை. வேலியைப் படபடவென்று தட்டும் சத்தம். ஓடிப் போனேன். அக்கா உதட்டில் விரல் வைத்து ஜாடை காட்டினார். துளசிக் கதிரில் ஒரு தேனீ. நிஜத் தேனீ. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் பூனை மயிர், பின்னங்காலில் மஞ்சள் மூட்டை. ஒவ்வொரு பூவாகத் தலையை விட்டு விட்டு எடுத்தது. அப்புறம் இன்னொன்று.  அவற்றில் ஒன்று எழும்பி, சுற்றி, பக்கத்தில் விரிந்திருந்த அரசாணிப் பூவுக்குள் இறங்கி மறைந்தது.

அக்கா படுக்கையறை ஜன்னலுக்கு ஓடினார். கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்க! வந்துருச்சுங்க! எந்திரிச்சு வந்து பாருங்க! உங்க தேனீ வந்துருச்சுங்க!"

உள்ளே ஒரு அசைவும் இல்லை.

"அசதி" என்றார் என்னிடம் திரும்பி. "காய் புடிக்கட்டும். காயப் பாத்தா எந்திரிச்சுருவாரு."

காய் பிடித்தது. கொடி முழுக்கப் பிடித்தது, இலைக்கு இலை. நான் போகும்போதெல்லாம் இலையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். காட்டும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். காலையில் பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு அக்கா நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் ஆபீஸ் கிளம்ப ஷூ போட்டுக்கொண்டிருந்தேன்.

"மொதக் காயை அறுத்துட்டுப் போயி அவரு கையில குடுத்தேன் அம்மணி" என்றார். "வாங்கினாரு. கனமா இருக்குதுன்னாரு. பக்கத்துல வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"சித்த நேரம் கழிச்சு, என்னையப் பாக்காமயே கேட்டாரு. நான் இல்லீன்னா நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிருவீங்கல்லன்னு."

என் கை ஷூ லேஸிலேயே நின்றுவிட்டது.

"தேனீ வந்தா அவரு வந்துருவாருன்னு நெனச்சேன். வரல. அவரு என்னைய விட்டுப் போயிட்டே இருக்கறாரு. எனக்குப் பயமா இருக்குது. என்னால முடியல அம்மணி. அன்னிக்கு ஒரு டாக்டர்னு சொன்னியே... உன்ற வண்டிய எடு."

அக்கா சத்தம் போட்டு அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். தாமதிக்காமல் இப்போதே அழைத்து வாருங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள் என்றார்கள். காரை அவர்கள் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அக்கா அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். லுங்கி, கசங்கிய டீ-ஷர்ட், தாடி. அத்தனை மாசத்துக்குப் பிறகு வெயில் பட்டதில் அவர் கண் கூசியது. நடக்கப் பழகுகிறவர் மாதிரி அடியெடுத்து வைத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆன்ட்டி ஷூவும் புடவையுமாகத் தெருவில் வருகிறார்.  அக்கா புருஷனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவார், எல்லாம் பாழ் என்று நினைத்தேன்.

ஆன்ட்டி நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். "இவருக்கு வேலை போயி மாசக்கணக்காச்சுங்க. மனசு ஒடைஞ்சு கெடக்கறாரு. உசுரோட இருக்கோணும்னே அவருக்குத் தோணல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஆன்ட்டிக்கு வாய் அடைத்துப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மெதுவாக வந்து காரின் பின்கதவைத் திறந்தார். அவர் தலை இடித்துக்கொள்ளாமல் மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார வைத்தார். கதவைச் சாத்தவில்லை. தன் வீட்டு மாடி ஜன்னலை, அங்கே பகலிலும் மூடியே கிடந்த திரையை, ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"ஒரு நிமிஷம் இருப்பீங்களாம்மா? என் பையனையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்துடறேன்."